இருதய சுத்தமும் எங்கள் துடக்கும்

மலைப்பிரசங்கத்திலே இயேசு எடுத்துரைத்த பேறுகளுள் ஆறாவது பேறு, எமது தமிழ்ச் சபைகளில் மிக அதிகமாகப் பிரசங்கிக்கப்படுவதும் மிகக் குறைவாக விளங்கிக்கொள்ளப்படுவதுமாகும். இருதய சுத்தம் உடையோருக்கே கடவுளைக் காணும் பாக்கியம் கிட்டும் என்பது அதன் சாரம். ஒற்றை வசனம்தான். ஆயினும் அந்த ஒற்றை வசனத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேரை நாம் அச்சுறுத்தி வந்திருக்கிறோம்!

சில மாதங்களுக்கு முன்னர் இவ்வசனத்தை மையமாகக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஒரு பிரசங்கத்தை முழுமையாகக் கேட்க நேர்ந்தது. முக்கால் மணி நேரம் நீடித்தது. அதிலே அரை மணி நேரத்துக்கு மேல் சினிமா, தொலைக்காட்சித் தொடர், கைத்தொலைபேசி, இளம் பெண்களின் உடை ஆகியவை பற்றியே பிரசங்கியார் பேசினார். எஞ்சிய நேரம் காணிக்கை பற்றியது. அவருடைய பெயரோ சபையின் பெயரோ இங்கு அவசியமில்லை. இதே பிரசங்கத்தை யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம், கொழும்பிலும் கேட்கலாம், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கேட்கலாம். உடையின் நீளம் மாத்திரம் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பெண்களின் உடை பற்றி ஒரு வார்த்தை கூறிவிட்டு அப்பால் செல்கிறேன். அதே மலைப்பிரசங்கத்தில், அதே ஐந்தாம் அதிகாரத்தில், இச்சையோடு பார்ப்பதைப் பற்றியும் இயேசு பேசுகிறார். அங்கே அவர் கண்டிப்பது பார்க்கிற ஆணை. பிடுங்கி எறியுமாறு சொல்வது அவனுடைய கண்ணை. பார்க்கப்படுகிற பெண்ணின் சேலையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இச்சையை அடக்குவது இருதய சுத்தத்தின் ஒரு பகுதி என்பதை மறுப்பவன் நானல்லன். அந்த ஒரு பகுதியையே முழுமையாக்கி, அதனையும் பெண்களின் தலையிலே கட்டிவிடுவதைத்தான் மறுக்கிறேன்.

இனி விடயத்துக்கு வருவோம்.

சுத்தம் என்ற சொல் தமிழனின் காதில் வெறுமையாக விழுவதில்லை. அதற்கு முன்பே அங்கு ஒரு சொல் குடியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலே அதனைத் துடக்கு என்போம். தமிழகத்தில் தீட்டு என்பர். மரண வீட்டுத் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் துடக்கு, மாதத் துடக்கு என்று காலத்தோடு கழிந்துபோகும் துடக்குகள் உண்டு. பிறப்போடு வந்து எக்காலத்திலும் கழியாததாகச் சொல்லப்பட்ட துடக்கும் ஒன்று உண்டு. ஒருவர் தொட்டால் ஒட்டிக்கொள்வது, அருகே வந்தால் பரவுவது, கிணற்று வாளியைப் பிடித்தால் கிணற்றையே கெடுப்பது. ஆகவே சுத்தமாக இருத்தல் என்றால் விலகி இருத்தல் என்று எமக்குப் பல நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் சுத்தம் என்ற சொல்லைப் பயன்படுத்தியதில் தவறேதும் இல்லை. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு தூய்மை என்ற சொல்லை எடுத்துக்கொண்டது, அதுவும் நல்ல சொல்லே. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டாலும் கேட்கிற காது பழைய காதாக இருந்தால் என்ன செய்வது?

மூல மொழிகளில் இச்சொற்களின் பொருள் வேறொரு திசையில் செல்கிறது. எபிரேய மொழியில் இருதயம் எனப்படுவது நாம் இன்று கருதுவது போல உணர்ச்சிகளின் இருப்பிடம் மாத்திரமன்று. சிந்திப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான். மனிதன் தனது விருப்பத்தை எத்திசையில் செலுத்துகிறான் என்பதே இருதயத்தைப் பற்றிய கேள்வி. கிரேக்க மூலத்தில் சுத்தம் என்பதற்குப் பயன்பட்டுள்ள சொல், உமி நீக்கிய தானியத்துக்கும் வேறு உலோகம் கலவாத உலோகத்துக்கும் வழங்கப்பட்ட சொல்லாகும். கலப்பில்லாமை என்பது அதன் கரு. எங்களூர்ப் பொற்கொல்லரிடம் கேட்டால் இதனை எந்த இறையியல் பேராசிரியரைக் காட்டிலும் தெளிவாக விளக்குவார். உரைகல்லிலே உரசிப் பார்க்கும்போது அவர் தேடுவது மேற்பரப்பிலுள்ள அழுக்கை அல்ல. உள்ளே எவ்வளவு செம்பு கலந்திருக்கிறது என்பதையே பார்க்கிறார்.

ஆதித் திருச்சபையின் அறிஞர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். மலைப்பிரசங்கத்துக்கு உரை எழுதிய அகுஸ்தீனார், சுத்தமான இருதயம் என்பது இரட்டைத் தன்மையற்ற எளிய இருதயமே என்று விளக்கம் தந்தார். யாக்கோபின் நிருபமோ இரு மனம் உள்ளவர்களைப் பார்த்தே இருதயத்தைச் சுத்திகரிக்கும்படி சொல்கிறது. அதற்கு முன்பாகக் கைகளைச் சுத்திகரிக்கும்படியும் சொல்கிறது. 24 ஆம் சங்கீதத்திலும் கைகளே முதலில் வருகின்றன, இருதயம் அடுத்தே வருகிறது. டென்மார்க்கின் சிந்தனையாளர் கீர்க்ககோர் 1847 இல் வெளியிட்ட நீண்ட சமய உரையொன்றிலே யாக்கோபின் அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றையே விரும்புவதுதான் இருதய சுத்தம் என்று வாதாடினார். வெகுமதிக்காக நன்மையை விரும்புகிறவனும் தண்டனைக்குப் பயந்து நன்மையை விரும்புகிறவனும் இரு மனம் உடையவர்களே என்று அவர் வகைப்படுத்துகிறார். அவ்வரிசையில் இறுதியாக அவர் காட்டும் மனிதனே எனக்கு மிகவும் பரிச்சயமானவன். நன்மையை ஓரளவுக்கு மாத்திரம் விரும்புகிறவன் அவன். ஆராதனை முடியும் வரை சமத்துவம், கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் வேறு கணக்கு என்று வாழ்கிற எம்மவரை அந்த டென்மார்க்குக்காரர் எங்கே கண்டாரோ தெரியவில்லை.

எமது பிரசங்கிமார் அதிகம் தொடாத ஒரு பகுதி மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரம். இயேசுவின் சீடர் சிலர் கை கழுவாமல் உண்டதைக் கண்டு பரிசேயரும் எருசலேமிலிருந்து வந்த வேதபாரகரும் குற்றம் சாட்டினர். இது சுகாதாரம் பற்றிய சச்சரவு என்று சிறுவர் பாடசாலையில் எமக்குச் சொல்லித்தரப்பட்டது. முற்றிலும் தவறான விளக்கம். பிரச்சினை கிருமி பற்றியதன்று. சந்தைக்குப் போய் வந்தவன் அங்கே யார் யாரோடோ உரசிவிட்டு வந்திருப்பான், ஆகவே அந்தத் துடக்கைக் கழுவாமல் உண்ணலாகாது என்பதே பிரச்சினை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை. வெளியே போய் வந்து கிணற்றடியில் முழுகிவிட்டே வீட்டுக்குள் நுழைந்த பாட்டிமாரை நாமெல்லோரும் அறிவோம்.

இயேசுவின் பதில் இரண்டு படிகளில் அமைகிறது. முதலாவதாக, பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது, என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவிக்கொள்ளும் தந்திரத்தை அவர் அம்பலப்படுத்துகிறார். அதாவது பக்தியையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு மனிதரைக் கைவிடுகிற இருதயமே அவர் காட்டும் முதல் அசுத்தம். இரண்டாவதாக, வெளியிலிருந்து உள்ளே செல்லும் எதுவும் மனிதனைக் கெடுப்பதில்லை, உள்ளிருந்து புறப்படுபவையே கெடுக்கின்றன என்று கூறி ஒரு பட்டியல் தருகிறார். விபசாரம் அதில் உண்டு. கொலையும் களவும் பொருளாசையும் வஞ்சகமும் பெருமையும் கூடவே உண்டு. எமது பிரசங்கங்களில் முதலாவதற்குக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது பொருளாசைக்கும் பெருமைக்கும் கிடைப்பதுண்டா?

இதன் பின்னர் அவர் எங்கே போகிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். மாற்கு அடுத்த காட்சியாகத் தருவது தீரு நாட்டுப் பயணத்தை. அங்கே ஒரு புறவினப் பெண் தனது மகளுக்காக வாதாடுகிறாள். அவளுடைய வாதம் வெல்கிறது. துடக்கைப் பற்றிய விவாதம் முடிந்த கையோடு, துடக்குடையதாக எண்ணப்பட்ட நிலத்துக்கு நடந்து போகிறார். நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகைப் பக்கங்களை அமைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், எந்தச் செய்திக்கு அடுத்ததாக எந்தச் செய்தி வைக்கப்படுகிறது என்பதும் ஒரு கருத்துத்தான்.

இருதய சுத்தத்தையே துறவு வாழ்வின் இலக்காகக் கொண்டவர்கள் எகிப்தியப் பாலைவனத் துறவிகள். அவர்களிடம் நேரிலே கற்று, ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் பிரான்சில் இருந்துகொண்டு அதனை எழுதிவைத்தவர் யோவான் கசியான். அவருடைய உரையாடல்களில் மோசே என்ற மூத்த துறவி, நோன்பும் கண்விழிப்பும் தனிமையும் வெறும் கருவிகள், அன்பே சுத்தமான இருதயத்தின் உள்ளடக்கம் என்று போதிக்கிறார். அங்கே ஒரு கூர்மையான அவதானிப்பு உண்டு. பெருஞ் செல்வத்தைத் துறந்து பாலைவனம் வந்தவர்கள், ஒரு சிறு கத்திக்காகவும் ஊசிக்காகவும் எழுதுகோலுக்காகவும் கோபம் கொள்கிறார்களாம். தமது புத்தகத்தை இன்னொருவர் தொட்டு வாசிக்கவும் விடமாட்டார்களாம். (ஆசிரியபீடங்களில் பேனாவுக்காக நடந்த சண்டைகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) உலகத்தைத் துறந்தவனின் செம்பு ஊசி முனையிலே வெளிப்படுகிறது. நாம் எதனை விட்டோம் என்பதைவிட, எதனை விடவே மாட்டோம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதிலேயே கலப்பு தெரியவருகிறது.

தமிழ்க் கிறிஸ்தவன் எதனை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறான்? விடை எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் கூச்சம்.

திருநெல்வேலி மாவட்டத்திலே வடக்கன்குளம் என்றோர் ஊர் உண்டு. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. திருவிதாங்கூர் அரண்மனையோடு தொடர்புடைய நீலகண்டன் என்ற மனிதர் 1745 இல் அங்கே கிறிஸ்தவரானார். சாதி பாராது எல்லோரும் சமம் என்று வலியுறுத்தியமை உயர்நிலையினரின் பகையைத் தேடித்தந்தது. 1749 இல் கைதாகி, 1752 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஊரில், அவர் இறந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னர், கத்தோலிக்கருக்காக ஓர் ஆலயம் எழுப்பப்பட்டது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள், இடையிலே ஒரு சுவர். ஒரு பக்கத்தில் வேளாளரும் அவரோடு சேர்ந்தோரும், மறுபக்கத்தில் நாடார். குருவானவரை இரு பகுதியினரும் காணலாம். ஒருவரையொருவர் காணமுடியாது.

இருதய சுத்தம் உடையோர் கடவுளைக் காண்பார்கள் என்ற வசனத்துக்கு இதைவிடக் கொடிய கேலி வேறொன்று இருக்கமுடியுமா? கடவுளைக் காண்பதற்கு இடையூறின்றியும் அயலவனைக் காணாதிருப்பதற்கு வசதியாகவும் கட்டப்பட்ட ஓர் ஆலயம்!

1910 இல் திருச்சபை அதிகாரிகள் அச்சுவரை இடித்தனர். நல்ல காரியம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பிள்ளைமாரும் முதலிமாருமான கத்தோலிக்கர் சிலர் நீதிமன்றம் சென்றனர். சுவரை மீண்டும் கட்டித்தரவேண்டும், எமது பகுதிக்குள் நாடார் நுழைவதைத் தடைசெய்யவேண்டும் என்பது அவர்களது வழக்கு. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த்தே என்ற பெயரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1917 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அது பதிவாகியிருக்கிறது. வழக்காளிகள் தோற்றனர். சுத்தம், துடக்கு பற்றிய தமது எண்ணத்தை வைத்துக்கொண்டு, எவருக்கும் பொதுவான ஆலயத்தில் பிறரின் வருகையைத் தடுக்க உரிமை கோரமுடியாது என்பதே முடிவு. கவனியுங்கள் வாசகர்களே: கத்தோலிக்க ஆலயத்தில் துடக்கு என்ற ஒன்றுக்கு இடமில்லை என்பதைக் கத்தோலிக்கருக்கு எடுத்துச் சொல்ல, ஆங்கிலேய ஆட்சியின் நீதிமன்றம் தேவைப்பட்டது. அவ்வழக்காளிகள் செபமாலை சொன்னவர்கள். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் கடைப்பிடித்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். தமது இருதயம் சுத்தமானது என்பதில் அவர்களுக்கு எள்ளளவும் ஐயம் இருந்திராது. அந்தச் சுத்தத்தைப் பாதுகாக்கத்தானே சுவரையே கேட்டார்கள்!

2022 மே மாதம் 15 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, நீண்ட காலமாக அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் தனது பதிவிலிருந்து நீக்கியிருந்தது. நீக்கும்படி கேட்டு எழுதவேண்டியிருந்தது என்பதையும், நீக்கியமைக்குச் சிலர் முகம் சுளித்தனர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இது கத்தோலிக்கரின் கதைதானே என்று புரட்டஸ்தாந்து அன்பர்கள் பெருமூச்சு விடவேண்டாம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) எமது வழிபாட்டு இசைக்கு அளித்த கொடை ஈடிணையற்றது. பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவரும் அவரே. அதே சாஸ்திரியார்தான் 1820களின் இறுதியில், ஆலயத்தில் சாதி வேறுபாடின்றி அமரவேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிமார் வற்புறுத்தியபோது அதனை எழுத்திலே கடுமையாக எதிர்த்தார். சாதி உலக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் பக்க வாதம். அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மிஷனரிமார் தமிழ்ப் பாடலையும் தமிழ் வழக்கங்களையும் கூட இகழ்ந்தவர்கள். அவர்களுடைய இறுமாப்பை அவர் கண்டித்ததில் உண்மை இருந்தது. எனினும் எதிரியின் இறுமாப்பு எனது இறுமாப்பைக் கழுவிவிடாது. 1833 இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் கைவிட்டேயாகவேண்டும் என்று கடிதம் எழுதினார். அது தென்னிந்தியச் சபைகளில் வாசிக்கப்பட்டபோது வேளாளர் பலர் வெளியேறிப் போனார்கள். கிறிஸ்துவை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தால் உயிரையும் கொடுத்திருக்கக்கூடியவர்கள், ஆசனத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டதும் எழுந்து சென்றுவிட்டனர். கசியானின் ஊசியும் எழுதுகோலும் இதுதான்.

எங்களுடைய யாழ்ப்பாணம் இதிலே பின்தங்கியதன்று. 19 ஆம் நூற்றாண்டில் மிஷன் விடுதிப் பாடசாலைகள் தொடங்கிய நாள் முதலே யார் சமைப்பது, எங்கே இருந்து உண்பது என்ற தகராறும் தொடங்கிவிட்டது. 1930 ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது குடாநாட்டில் பாடசாலைகள் எரிந்தன. தேநீர்க் கடைகளில் சிலருக்குக் கிளாஸிலும் வேறு சிலருக்குப் போத்தலிலும் தேநீர் ஊற்றப்பட்ட காலம் 1960கள் வரை நீடித்தது. இக்காலம் முழுவதும் கிறிஸ்தவர்கள் ஒரே திருவிருந்தில் பங்குகொண்டுதான் இருந்தார்கள். சில இடங்களில் அதற்கும் வரிசை முறை இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவர். அந்தத் தேநீர்க் கடைகள் இன்று இல்லை. ஆசனங்களும் பொதுவாகிவிட்டன. ஆகவே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சிலர் சாதிக்கிறார்கள்.

அவர்கள் பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களை வாசிப்பதில்லைப் போலும். எனது தொழில் வாழ்க்கையிலே அரசியல் செய்திகளைவிட அதிகமாக எமது சமூகத்தைப் பற்றி எனக்குக் கற்பித்தவை மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களே. ஆசிரியபீடத்தில் ஆள் குறைந்த நாட்களில் ஒப்புநோக்குவதற்கு அப்பக்கமும் வந்து சேரும். யாழ் றோமன் கத்தோலிக்க உயர்குல வேளாளர். யாழ் கிறிஸ்தவ வேளாளர். தேவ பக்தியுள்ள, மறுபிறப்படைந்த மணமகன் தேவை. அடுத்த வரியில் சாதி. மறுபடியும் பிறந்தவனுக்கு முதற் பிறப்பின் சாதி எப்படி மிஞ்சியிருக்கிறது என்று அவ்விளம்பரத்தை எழுதியவர் யோசிக்கவில்லை. அதனை அச்சுக்கோத்தவரும் யோசிக்கவில்லை. வாசித்தவர்களோ தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் எனக்கு மூன்று பதில்கள் வழமையாகக் கிடைக்கும்.

முதலாவது பதில், இருதய சுத்தம் மனித முயற்சியால் வருவதன்று, அது கிருபையினால், விசுவாசத்தினால் கிடைப்பது. நீங்கள் சமூக சீர்திருத்தத்தையும் இரட்சிப்பையும் குழப்புகிறீர்கள் என்பதாகும். நல்லது. விசுவாசத்தினால் இருதயம் சுத்திகரிக்கப்படுவது பற்றி வேதாகமம் எங்கே பேசுகிறது என்று பார்ப்போம். அப்போஸ்தலர் நடபடிகள் 15 ஆம் அதிகாரம், எருசலேமில் கூடிய சபை. பேசுகிறவர் பேதுரு. புறவினத்தாரின் இருதயங்களை விசுவாசத்தினால் சுத்தமாக்கிய கடவுள், அவர்களுக்கும் எமக்கும் இடையே எந்த வித்தியாசமும் வைக்கவில்லை என்று அவர் சாட்சி சொல்கிறார். சுத்திகரிப்பும் வித்தியாசமின்மையும் ஒரே மூச்சில் வருகின்றன. பேதுரு இதனை நூல்களில் படித்து அறியவில்லை. யோப்பாவிலே ஒரு வீட்டின் மேல்மாடியில் பசியோடு இருந்தபோது கண்ட தரிசனத்தில், தீட்டானதை நான் ஒருபோதும் உண்டதில்லை என்று மும்முறை அடம்பிடித்தவர் அவர். பின்னர் செசரியா சென்று, கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தார். அந்த வாசற்படியைத் தாண்டியபோதுதான் இருதய சுத்தம் என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்தது. கிருபை என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நிற்பவர்கள், தாங்கள் எந்த வசனத்தின் மேல் நிற்கிறோம் என்பதை ஒரு தடவை குனிந்து பார்க்கவேண்டும்.

அந்தப் பேதுருவே அந்தியோகியாவில் சறுக்கினார் என்பது கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். அவர் சாட்டிய குற்றம் மாயம், அதாவது வேடம் போடுதல். பேதுருவின் கொள்கை மாறவில்லை, பந்திதான் மாறியது. அதையே பவுல் சுவிசேஷத்துக்கு எதிரான நடத்தை என்றார். ஆட்கள் வந்ததும் பந்தியை மாற்றுகிற பழக்கம் எமது ஊரில் அரிதானதா?

இரண்டாவது பதில், பலவீனமான மனச்சாட்சி உடையோரைப் புண்படுத்தலாகாது, மாற்றம் மெதுவாக வரட்டும் என்பது. இதைச் சொன்ன முதலாவது சபை எமதல்ல. 1857 இல் தென் ஆபிரிக்காவின் கேப் பகுதியிலே டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை கூடி, எல்லா இனத்தவரும் ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது, எனினும் சிலருடைய பலவீனத்தின் பொருட்டுத் தனித்தனியே வழிபடலாம் என்று தீர்மானித்தது. அந்த எனினும் என்ற ஒரு சொல் வளர்ந்து தனித்தனிச் சபைகளாகி, பின்னர் இனவொதுக்கலுக்கே இறையியல் நியாயமாகியது. அந்த நியாயம் வேதப்புரட்டு என்று உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் அறிவித்தது 1982 இல். சரியாக 125 ஆண்டுகள். மெதுவாக வரட்டும் என்போர் இந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது பதில்தான் மிகவும் பிரபலமானது. கடவுள் என் உள்ளத்தை அறிவார்; எனக்கு யார் மீதும் வெறுப்பில்லை; கலியாணம் என்பது குடும்ப விடயம். இதைச் சொல்பவர்கள் 51 ஆம் சங்கீதத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு; சுத்தமான இருதயத்துக்காகத் தாவீது மன்றாடுகிற சங்கீதம் அது. அந்த மன்றாட்டின் தலைப்பைப் படித்தால் அது நாத்தான் தீர்க்கதரிசி வந்துபோன பின்னர் பாடப்பட்டது என்று தெரியும். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் கொல்லவைத்துவிட்டு, தாவீது பல மாதங்கள் அரண்மனையில் நிம்மதியாகவே இருந்தார். அக்காலத்தில் அவரிடம் கேட்டிருந்தால் கடவுள் என் உள்ளத்தை அறிவார் என்றுதான் அவரும் கூறியிருப்பார். பணக்காரன் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையை நாத்தான் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று முகத்துக்கு நேரே சுட்டிய பிறகுதான் தாவீதின் வாயிலிருந்து இருதயம் என்ற சொல் வருகிறது. தனது உள்ளம் சுத்தமானது என்று எவரும் தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது. பறிகொடுத்தவனின் பக்கத்திலிருந்துதான் அச்சான்று வரவேண்டும். எமது வீட்டு விறாந்தையில் எவரை இருத்தவில்லையோ அவரைக் கேளுங்கள், எமது இருதயம் எப்படிப்பட்டது என்று அவர் சொல்வார்.

கடந்த ஆண்டு புலம்பெயர் நாடொன்றிலுள்ள தமிழ்ச் சபை, தனது இளைஞருக்காக நடத்தும் திருமண சேவையின் படிவத்தை எனக்கு அனுப்பி, தமிழ் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தது. இரட்சிக்கப்பட்ட திகதி, ஞானஸ்நானம் பெற்ற திகதி, சபையில் செய்யும் ஊழியம், பிடித்த வேத வசனம் என்று வரிசையாகக் கேள்விகள். பதினோராவது கேள்வி சமூகம் என்றிருந்தது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிறந்து வளர்ந்த, அச்சொல்லின் பொருளைப் பெற்றோரிடம் கேட்டே அறியக்கூடிய பிள்ளைகள் நிரப்பவேண்டிய படிவம் அது. எழுத்துப் பிழைகளைத் திருத்தி, பதினோராவது கேள்வியை வெட்டி, ஏன் வெட்டினேன் என்பதை இரண்டு பந்திகளில் விளக்கி அனுப்பினேன்.

அக்கேள்வி இல்லாவிட்டால் பெற்றோர் பதிவுசெய்ய மாட்டார்கள், பதிவு குறைந்துவிடும் என்று பொறுப்பாளர் மிகுந்த மரியாதையுடன் பதில் எழுதினார். அப்படியானால் குறையட்டும் என்று நானும் மரியாதையுடன் எழுதினேன். அதன் பின்னர் கடிதம் வரவில்லை. சென்ற மாதம் அச்சிடப்பட்ட படிவம் ஒன்றைப் பார்த்தேன். எழுத்துப் பிழைகள் யாவும் திருத்தப்பட்டிருந்தன. பதினோராவது கேள்வி அதே இடத்தில் இருந்தது.